வீட்டில் செய்யும் டூ-வே கிராஸ்ஓவர்: கேள்வி பதில்

பாட்டின் தாழ்ந்த ஒலியை ஊஃபருக்கும் (பெரிய ஸ்பீக்கர்) உயர்ந்த ஒலியை ட்வீட்டருக்கும் (சின்ன ஸ்பீக்கர்) பிரித்து அனுப்பும் மின்சுற்றுதான் கிராஸ்ஓவர். கீழே வரும் கணக்கெல்லாம் 8 ஓம் 6.5 இன்ச் ஊஃபர், 8 ஓம் டோம் ட்வீட்டர், 3000 ஹெர்ட்ஸில் பிரிப்பு என்று வைத்துச் சொன்னவை.

கேள்வி: அண்ணா, ட்வீட்டருக்கு ஒரு கப்பாசிட்டர் மட்டும் போட்டா போதும்னு கடையில சொல்றாங்க. சரியா?

பாட்டு கேட்கும். ஆனால் சத்தம் கூட்டினால் ட்வீட்டர் தாங்காது. 1,59,000-ஐ ஹெர்ட்ஸாலும் ஓமாலும் வகுத்தால் மைக்ரோஃபாரட் கிடைக்கும், இங்கே 6.6, கடையில் கிடைப்பது 6.8. இந்த ஒற்றைக் கப்பாசிட்டர் 1500 ஹெர்ட்ஸில் 7 டெசிபெல்தான் குறைக்கும். நிறைய டோம் ட்வீட்டர்களின் ஒத்ததிர்வு 1000-லிருந்து 1500-க்குள் இருக்கிறது. அந்த இடத்தில் டோம் அதிகமாக ஆடும், அதை ஆட்டும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் சூடேறிக் கருகும். ஊஃபர், ட்வீட்டர் ஒவ்வொன்றுக்கும் ஒரு காயிலும் (கம்பிச் சுருள்) ஒரு கப்பாசிட்டரும் போடும் இரண்டாம் ஆர்டர் கிராஸ்ஓவர் அதே 1500-ல் 14 டெசிபெல் குறைக்கும். கூடுதல் செலவு மூன்று பாகம்தான். அதையே செய்யுங்கள்.

கேள்வி: இரண்டாம் ஆர்டருக்கு என்னென்ன வேணும், எப்படி இணைக்கணும்?

ஒரு பெட்டிக்கு 0.85 மில்லிஹென்றி காயில் 2, 3.3 மைக்ரோஃபாரட் 100 வோல்ட் ஃபிலிம் கப்பாசிட்டர் 2.

ஊஃபர் பக்கம்: ஆம்ப் பிளஸ்ஸிலிருந்து காயில் வழியாக ஊஃபர் பிளஸ். ஊஃபரின் பிளஸ், மைனஸ் இரண்டுக்கும் குறுக்கே கப்பாசிட்டர்.

ட்வீட்டர் பக்கம் அப்படியே தலைகீழ். ஆம்ப் பிளஸ்ஸிலிருந்து கப்பாசிட்டர் வழியாகப் போய், ட்வீட்டருக்குக் குறுக்கே காயில். இங்கே ட்வீட்டரின் மைனஸ் முனைதான் கப்பாசிட்டரோடு சேர வேண்டும், பிளஸ் முனை ஆம்ப் மைனஸுக்குப் போகும். இந்த வகையில் இரண்டு பக்கத்துக்கும் 180 டிகிரி கட்ட (ஃபேஸ்) வேறுபாடு வருவதால் ட்வீட்டரைத் திருப்பிப் போட்டால்தான் 3000-ல் இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்.

கேள்வி: காயிலை நானே சுத்தலாமா சார்? எத்தனை சுத்து?

தாராளமாக. 25 மி.மீ. விட்டமுள்ள பிளாஸ்டிக் குழாய், இரண்டு பக்கமும் தட்டு, தட்டுகளுக்கு நடுவே 25 மி.மீ. இடைவெளி. 19 கேஜ் எனாமல் செப்புக் கம்பியில் 195 சுற்று, ஒரு அடுக்குக்கு 22 வீதம். ஒரு காயிலுக்கு சுமார் 21 மீட்டர், 155 கிராம் ஆகும். மோட்டார் வைண்டிங் கடையில் எடை போட்டுத் தருவார்கள். ஜோடிப் பெட்டிக்கு 700 கிராம் வாங்குங்கள்.

கையால் சுற்றினால் அடுக்கு கொஞ்சம் தளரும், மதிப்பும் மாறும். அதனால் 200 சுற்றிவிட்டு, அளந்து பார்த்துக் குறையுங்கள். காயிலின் மதிப்பை அளக்கும் எல்.சி.ஆர். மீட்டர் இல்லையென்றால் ஒரு வழி உண்டு. 8.2 ஓம் ரெசிஸ்டர் இரண்டைத் தொடராக வைத்து, அதோடு காயிலையும் தொடராக்கி, ஆம்ப்பிலிருந்து 3000 ஹெர்ட்ஸ் ஒலியைக் குறைந்த சத்தத்தில் கொடுங்கள். ரெசிஸ்டர் ஜோடிக்குக் குறுக்கேயும் காயிலுக்குக் குறுக்கேயும் ஏ.சி. வோல்ட் ஏறக்குறைய சமமாக வந்தால் 0.85-ஐத் தொட்டுவிட்டீர்கள். காயிலில் கூடுதலாகக் காட்டினால் சுற்றைக் குறையுங்கள். இரண்டையும் ஒரே மீட்டரில் அளப்பதால் 3000-ல் மீட்டர் தப்பாகக் காட்டினாலும் ஒப்பீடு கெடாது.

முனைகளில் எனாமலைச் சுரண்டி, செம்பு பளபளவென்று தெரிந்த பிறகே சால்டர் வையுங்கள். 'ட்வீட்டர் விட்டு விட்டுக் கேட்குது' என்று வரும் புகாருக்குப் பெரும்பாலும் சுரண்டாத எனாமல்தான் காரணம்.

கேள்வி: போர்டுல ரெண்டு காயிலையும் பக்கத்துல பக்கத்துல வைக்கலாமா?

வேண்டாம். ஒன்று படுத்திருந்தால் மற்றது நின்றிருக்கட்டும், நடுவே 10 செ.மீ. விடுங்கள். இல்லையென்றால் ஊஃபர் காயிலின் காந்தப்புலம் ட்வீட்டர் காயிலில் ஏறும். நடுவில் இரும்புத் திருகு போட்டால் மதிப்பே மாறிவிடும். கேபிள் டையால் கட்டுங்கள்.

கேள்வி: ரெண்டும் 8 ஓம். பேரலலா போட்டா ஆம்ப்புக்கு 4 ஓம் ஆகாதா?

ஆகாது. கிராஸ்ஓவர் இருப்பதால் ஒவ்வொரு அலைவெண்ணிலும் ஒன்றுதான் பெரும்பாலும் மின்சாரம் இழுக்கும்.

கேள்வி: மல்டிமீட்டர்ல ஊஃபர் 6.2 ஓம்தான் காட்டுது. ஏமாத்திட்டாங்களா?

இல்லை. அது டி.சி. மின்தடை. 8 ஓம் ஊஃபர் அப்படித்தான் காட்டும்.

ஆனால் இன்னொரு விஷயம் இருக்கிறது. வாய்ஸ் காயிலே ஒரு காயில் என்பதால் மேலே போகப்போக ஊஃபரின் ஓம் ஏறும், வடிகட்டல் பலமிழக்கும், குரல்கள் கரகரக்கும். ஊஃபருக்குக் குறுக்கே 8.2 ஓம் 10 வாட் ரெசிஸ்டரையும் 10 மைக்ரோஃபாரடையும் தொடராக்கிப் போட்டால் சமனாகும். வாய்ஸ் காயில் 0.6 மில்லிஹென்றிக்குப் பக்கத்தில் இருந்தால் இந்த மதிப்பு பொருந்தும்.

கேள்வி: ஐயா, ட்வீட்டர் ரொம்ப காதைக் குத்துது.

அதன் உணர்திறன், அதாவது அதே வோல்ட்டுக்குத் தரும் சத்தம், ஊஃபரைவிட அதிகம். கிராஸ்ஓவருக்கும் ட்வீட்டருக்கும் நடுவே 2.2 ஓம் தொடராக, ட்வீட்டருக்குக் குறுக்கே 18 ஓம். இரண்டும் 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர். 3 டெசிபெல் இறங்கும். போதாதென்றால் 3.9 ஓமும் 8.2 ஓமும், 6 டெசிபெல். தொடர் ரெசிஸ்டர் மட்டும் போட்டால் கிராஸ்ஓவர் காணும் ஓம் மாறி, பிரிக்கும் இடம் நகர்ந்துவிடும்.

கேள்வி: ஊஃபரைக் கழட்டிட்டு ட்வீட்டரை மட்டும் கேட்டுப் பார்க்கலாமா?

தயவுசெய்து செய்யாதீர்கள். ஊஃபர் இல்லாத காயிலும் கப்பாசிட்டரும் 3000 ஹெர்ட்ஸில் ஆம்ப்புக்குக் கிட்டத்தட்ட ஷார்ட். இடையே தடுப்பது காயிலின் அரை ஓம் மட்டுமே. அவுட்புட் ட்ரான்சிஸ்டர் போய்விடும். ட்வீட்டரைத் தனியாகக் கேட்க வேண்டுமானால், ஊஃபர் பக்கக் காயிலை ஆம்ப் பிளஸ்ஸிலிருந்தே கழற்றிவிடுங்கள்.