காகிதக் கெண்டையின் வாய் ஏன் கிழிகிறது?

கேள்வி: தோக்கியோவில் நிஷி-கசாயில் இருக்கிறோம். மே 5 குழந்தைகள் தினத்துக்காக ஆறு வயது மகளோடு இரண்டு கெண்டைப் பட்டங்கள் செய்தேன். ஸ்டேப்ளர் அடித்து நூல் கட்டினேன். பால்கனியில் துவண்டு தொங்கின. காற்று வந்த அன்று வாய் கிழிந்துவிட்டது. இணையத்தில் விற்கும் ‘அசல் வாஷி’ (ஜப்பானிய மரபுத் தாள்) கிட் வாங்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. அந்தப் பணத்துக்கு மகளுக்கு நல்ல தூரிகை வாங்கிக் கொடுங்கள்.

பட்டம் என்று சொன்னாலும் இந்தக் கெண்டை, ஜப்பானியர் சொல்லும் கொய்நோபோரி, பறப்பதில்லை. விமான நிலையத்தில் காற்றின் திசை காட்டத் தொங்குமே ஒரு துணிக்குழாய், அந்தச் சாதி. வாயில் நுழையும் காற்று வாலில் வெளியேற வேண்டும். வளையம் இல்லாத வாய் தானாக மூடிக்கொள்ளும், மீன் துவளும். வாலை ஒட்டி மூடிவிட்டால் காற்றுக்குப் போக்கிடமில்லை. மீன் உதறும், உதறலின் பாரமெல்லாம் ஸ்டேப்ளர் ஊசி துளைத்த இடத்தில் விழும்.

ஷோஜி என்னும் ஜப்பானிய மரச்சட்டக் கதவுக்கு ஒட்டும் தாளை 70 செ.மீ. நீளம், 42 செ.மீ. அகலம் வெட்டுங்கள். ரோலின் நீளவாக்கே மீனின் நீளமாக இருக்கட்டும். நார் பெரும்பாலும் அப்படித்தான் ஓடும், குறுக்கே வைத்தால் சீக்கிரம் கிழியும். விரித்த தாளிலேயே செதிலும் கண்ணும் வரையட்டும். நன்றாகக் காய்ந்த பிறகே ஒட்ட வேண்டும். கடைசி மூன்றில் ஒரு பங்கை இரு பக்கமும் சரித்து, வால் நுனியில் 22 செ.மீ. நிற்கும்படி வெட்டுங்கள். நீள ஓரங்களை 2 செ.மீ. ஏற்றி ஒட்டுங்கள். ஒரு மேஜைக்கரண்டி மைதா, ஐந்து கரண்டி தண்ணீர், சிறு தீயில் கண்ணாடிபோல் ஆகும்வரை கிளறிய பசை போதும். ஓர் இரவு காயட்டும்.

பிளாஸ்டிக் ஃபைல் அட்டையில் 43 செ.மீ. பட்டை வெட்டி, 3 செ.மீ. ஏற்றி ஒட்டினால் வளையம். தாளை அதன்மேல் உள்பக்கமாக 3 செ.மீ. மடித்து ஒட்டுங்கள். சம இடைவெளியில் மூன்று துளை. நூல் வளையத்தைச் சுற்றி வர வேண்டும், வெறும் தாளில் கட்டவே கூடாது. மூன்று நூலும் ஒரே நீளம், 30 செ.மீ. சேரும் இடத்தில் தூண்டில்காரர்கள் போடும் சுழல்வளையம் ஒன்று. அது இல்லாவிட்டால் நூல் முறுக்கிக்கொள்ளும்.

இனி அந்தக் கிட். கடையில் ‘வாஷி’ என்ற சொல்லுக்குப் பெரிய அர்த்தம் கிடையாது. மரக்கூழையும் ரேயானையும் இயந்திரத்தில் ஓட்டிய தாளும் வாஷிதான். உறையில் செர்ரிப் பூ பெரிதாக இருக்கும், நாரின் பெயர் இருக்காது. கோஸோ என்ற மல்பெரி வகைச் செடியின் நாரில் கையால் செய்த தாள் உண்மையிலேயே வலுவானது. சைதாமா மாகாணத்தின் ஹோசோகாவா தாள் செய்யும் கைவினை 2014இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது. அந்தத் தாளில் ஆறு வயதுக் குழந்தை சாயம் தீட்டிப் பழகுவது பட்டுப்புடவையைக் கிழித்துக் கரித்துணி தைப்பது மாதிரி. இடையில் நிற்கும் விற்பனையாளர்கள் இந்தப் பெருமையைக் காட்டித்தான் அந்தக் கூழை விற்கிறார்கள்.

ஷோஜி தாளிலும் ஒரு கண்ணி உண்டு. ‘கிழியாது’ என்று விற்பது பல நேரம் பிளாஸ்டிக் பூசியது. மாவுப்பசை பிடிக்காது, நீர்வண்ணம் முத்துமுத்தாகத் திரளும். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? எண்ணெய் மார்க்கரால் வரையலாம், இரட்டைப்பக்க டேப்பால் ஒட்டலாம். ஆனால் டேப் ஒட்டும் ஓரத்தை முதலில் துடைக்க வேண்டும், நகத்தால் முழு நீளமும் அழுத்தித் தேய்க்க வேண்டும். வெயிலில் டேப் இளகும், ஆகவே ஒட்டிய ஓரம் கீழ்ப்பக்கம் வரட்டும். இவ்வளவுக்குப் பிறகும் அது விறைப்பாகத்தான் ஆடும்.

பால்கனி கைப்பிடிக்கு வெளியே கட்டாதீர்கள். குடியிருப்பு நிர்வாகத்திடம் மீன் கட்டலாமா என்று கேட்டால் ‘மற்றவர்களுக்குத் தொந்தரவில்லாமல்’ என்பார்கள். அது அனுமதியா மறுப்பா என்று சொல்ல மட்டும் மாட்டார்கள். உள்பக்கம், துணி காயப்போடும் கம்பியில் தொங்கட்டும். மழைக்கும் இரவுப் பனிக்கும் முன் எடுத்துவிடுங்கள். கறுப்பு மேலே, சிவப்பு கீழே. நடுவே இரண்டு சாண் இடைவெளி விடாவிட்டால் ஒன்றையொன்று சுற்றிக்கொள்ளும்.