14 வயசுப் பிள்ளைய ஸ்கூல்ல இருந்து எடுத்து கொழும்புல வீட்டுலயே படிப்பிக்க ஏலுமா?

ஏலும். ஆனா இலங்கையில 5 வயசில இருந்து 16 வரைக்கும் கல்வி கட்டாயம், அதால சும்மா அனுப்பாம விட்டுடாதீங்க, வலயக் கல்வி அலுவலகத்தில கதைச்சு பதில எழுத்தில எடுங்க.

எங்கட மகளுக்கும் அப்ப 14தான், காலையில யூனிஃபோமக் கண்டாலே அழுகை, ஸ்கூல் முடிய டியூஷன், இரவு ஏழரைக்கு வெள்ளவத்தைக்கு வந்து சேரேக்க பிள்ளை அரை நித்திரையிலதான் சாப்பிடும், மூண்டு மாசம் யோசிச்சு அவவிட்டயும் கேட்டுத்தான் முடிவெடுத்தம்.

சோதினைதான் பெரிய கேள்வி. லோக்கல் ஓ லெவல் (அரசாங்கத்திட சாதாரண தரச் சோதினை) எண்டா பிரைவேட் கேண்டிடேட்டா பரீட்சைத் திணைக்களத்துக்கு நேராவே விண்ணப்பிக்கலாம், பாடப்புத்தகம் எல்லாம் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்திட வெப்சைட்ல தமிழ்லயே ஃப்ரீயா இருக்கு. லண்டன் ஓ லெவலுக்கு பிரிட்டிஷ் கவுன்சில் மூலமா பதியலாம், ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியா ஃபீஸ் கட்டோணும், அது கைய நல்லாக் கடிக்கும். ஆனா லண்டன் ஓ லெவல் நடத்துற எட்எக்செல் போர்ட்ல சயன்ஸுக்கும் லேப் சோதினை இல்ல, எழுத்துப் பேப்பர் மட்டும்தான், வீட்டுல படிக்கிற பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி தெரியுமா.

கூட்டாளிமார்தான் எனக்கு இன்னும் கவலை. சனிக்கிழமையில பழைய கிளாஸ் பிள்ளையள வீட்டுக்குக் கூப்பிடுறம், அண்டைக்குத்தான் அவ வாய்விட்டுச் சிரிக்கிறா.