நிழல் எத்தனை மணிக்கு வேண்டும்?

கேள்வி: ஷார்ஜாவில் இருக்கிறோம். அக்டோபர் முதல் வாரம் இரண்டு குழந்தைகளோடு மலீஹா பக்கம் மணல்வெளியில் ஓர் இரவு தங்க ஆசை. மாலை 4 மணிக்குப் போய், மறுநாள் காலை 10 மணிவரை இருப்போம். வெயில் இன்னும் தணியவில்லை. டென்டை எங்கே அடித்தால் நிழல் கிடைக்கும்?

பதில்: 4 மணிக்கு வண்டியை விட்டு இறங்கியதும் எந்த நிழல் சுகமாகத் தெரிகிறதோ, அங்கே டென்ட் அடிக்காதீர்கள். நான் முதல் தடவை அப்படித்தான் மணல்மேட்டின் கிழக்கு அடிவாரத்தில் அடித்தேன். மறுநாள் 7 மணிக்கெல்லாம் உள்ளே இட்லிப் பானைதான்.

சாயங்கால நிழல் கிழக்கே விழும். காலை நிழல் மேற்கே. உங்களுக்கு வெயில் உறைக்கப்போவது காலை 7 முதல் 10 வரை. அதனால் மாலையில் மேட்டின் கிழக்கே பாய் விரித்து உட்காருங்கள். டென்ட் மட்டும் மேற்கே இருக்கட்டும்.

மரம் கிடைத்தால் இன்னும் நல்லது. அங்கே நிற்கும் காஃப் வேறொன்றுமில்லை, நம் ஊர் வன்னி. விருத்தாசலம் கோயிலில் தல விருட்சமாக இருக்கிறதே, அதே மரம். ஆனால் மரத்தடியில் அடிக்காதீர்கள். அக்டோபர் தொடக்கத்தில் 20 அடி மரத்தின் உச்சி நிழல் காலை 8 மணிக்கு 45 அடி தாண்டி விழும். 9 மணிக்கு 28 அடி, 10 மணிக்கு 19 அடி. ஆகவே மரத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு தப்படி தள்ளி, மேற்கில் சற்று வடக்கே ஒதுங்கினாற்போல் அடியுங்கள். திசைக்குக் கைப்பேசி காம்பஸ் போதும்.

மரத்தடியைத் தவிர்க்க இன்னொரு காரணம் ஒட்டகம். கிளைகள் கீழே ஒரே மட்டமாகக் கத்தரித்ததுபோல் இருந்தால், ஒட்டகங்கள் அங்கே மேய்ந்து படுக்கின்றன என்று அர்த்தம். புழுக்கையும் கிடந்தால் சந்தேகமே வேண்டாம். அந்த மணலில் உண்ணி பதுங்கியிருக்கும். ஆள் உட்கார்ந்ததும் கால் முளைத்த மிளகுபோல் ஓடிவரும். மரத்தருகே தீ மூட்டாதீர்கள், கிளை ஒடிக்காதீர்கள். முள் காற்றுமெத்தையைக் குத்திவிடும்.

பாறையின் மேற்குப் பக்கத்திலும் காலையில் நிழல் உண்டு. ஆனால் அது முந்தைய மதியம் முழுக்க வெயில் குடித்த பாறை. நள்ளிரவுவரை அனல் வீசும். மேலிருந்து கல்லும் உருளலாம். நான் மரத்தையோ மணல்மேட்டையோதான் தேடுவேன்.

வாதிக்குள், அதாவது காட்டாற்றுப் படுகைக்குள், எவ்வளவு நிழல் இருந்தாலும் வேண்டாம். மலையில் பெய்த மழை, உங்கள் தலைக்குமேல் மேகமே இல்லாதபோதும் வெள்ளமாக வந்து சேரும்.

ஒன்றுமே அமையவில்லையா? வண்டியை டென்டுக்குக் கிழக்கே குறுக்காக நிறுத்தி, அதன் கூரைக் கம்பியிலிருந்து ஒரு தார்ப்பாயை டென்டுக்கு மேலாக இழுத்துக் கட்டுங்கள். தார்ப்பாய் டென்டைத் தொடக்கூடாது. நடுவில் ஒரு சாணாவது காற்றோட இடம் வேண்டும்.