விலக்கு நின்றபின் அந்தரங்க வறட்சி: எச்ஐவி மாத்திரைதான் காரணமா?

மன்னார்குடிப் பக்கத்துச் சகோதரியின் கேள்வி: வயது 49, விலக்கு நின்று ஒன்றரை வருடம். பிறப்புறுப்பில் வறட்சி, எரிச்சல், உறவின்போது வலி. பல வருடமாகச் சாப்பிடும் எச்ஐவி கூட்டு மாத்திரையை நிறுத்தலாமா?

வேண்டவே வேண்டாம். இது பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால் வருவது. அது குறைந்தால் பிறப்புறுப்பின் உட்சுவர் மெலிந்து ஈரம் வற்றும். அங்கு காவலுக்கு இருக்கும் நல்ல பாக்டீரியாக்களும் குறையும். அதனால்தான் நீர்க்கடுப்பும் அடிக்கடி வரும். நாமோ 'நடவு வயலில் நின்ற சூடு' என்று வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்தே காலத்தை ஓட்டுவோம்!

மருந்துக்கடையில் தானாகப் பூஞ்சை க்ரீம் வாங்காதீர்கள். எல்லா எரிச்சலும் பூஞ்சை அல்ல. மகப்பேறு மருத்துவரிடம் காட்டினால், உள்ளே தடவும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் க்ரீம் தரக்கூடும். ரத்தத்தில் மிகக் கொஞ்சமே கலப்பதால் கூட்டு மாத்திரையோடு பொதுவாக மோதாது. உறவின்போது தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட வழுக்கு ஜெல் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், ஆணுறை கிழிந்துவிடும்.

அப்புறம், இந்த வயதில் கால்சியம் மாத்திரையும் எழுதிக் கொடுப்பார்கள். உங்கள் கூட்டு மாத்திரையில் டோலுடெக்ராவிர் இருந்தால், வெறும் வயிற்றில் இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள். எச்ஐவி மருந்து உடம்பில் சரியாகச் சேராது. சாப்பாட்டோடு என்றால் சேர்த்தே போடலாம்.

எச்ஐவி உள்ள பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் அபாயம் சுமார் 6 மடங்கு. விலக்கு நின்றாலும் பரிசோதனையை விடாதீர்கள். நின்றபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அறுவடை முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் உடனே காட்டுங்கள்.