கைராசியும் துருக்கோடும்

கேள்வி: எங்கள் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் காடுமேடெல்லாம் சுற்றிக் கற்கோடரிகளாகச் சேர்த்து வைத்திருக்கிறார். மற்றவர் கண்ணில் படாதது அவருக்கு மட்டும் கிடைக்கிறது. கைராசிக்காரர் என்கிறார்கள். அவரே தேய்த்துப் புதைத்து எடுக்கிறார் என்றும் பேச்சு. ஜப்பானில் ஒருவர் இப்படி மாட்டினாராமே, இவரை நம்பலாமா?
- வாசகர் ஒருவர், பென்னாகரம் வட்டம்

பதில்: கைராசி! அந்த வார்த்தையோடுதான் எனக்குச் சண்டை. போர் போடும் முன் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு பாயிண்ட் பார்க்க வருகிறவரையும் நம் மாவட்டத்தில் கைராசிக்காரர் என்றுதான் அழைத்து வருகிறோம். தண்ணீர் வந்தால் ஊரெல்லாம் அவர் பேர். ஆயிரம் அடி இறக்கியும் புகைதான் வந்தது என்றால், நிலத்துக்காரருக்கு நேரம் சரியில்லை. எத்தனை பாயிண்ட் பொய்த்தது என்று அவரிடம் யாராவது கணக்குக் கேட்டிருக்கிறோமா? வட்டி கட்டுகிறவன் விவசாயி. ஒருவரைக் கைராசிக்காரர் என்று ஒப்புக்கொண்ட நிமிடமே கேள்வி கேட்கும் வாயை மூடிக்கொள்கிறோம்.

ஜப்பானில் நடந்ததும் அதுதான். ஷினிச்சி ஃபுஜிமுரா கம்பெனி வேலை பார்த்துக்கொண்டே தானாகத் தொல்லியல் கற்றவர். 1981இல் பேர் வாங்கினார். அதன் பிறகு அவர் தொட்ட இடமெல்லாம் கற்கருவி, ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பழசு. கடைசியில் ஆறு லட்சம் ஆண்டுவரை போய்விட்டது. ‘கடவுளின் கை’ என்று கொண்டாடினார்கள். 2000 அக்டோபரில் கமிதகமோரி என்ற இடத்தில், விடிகாலையில் ஆளில்லாத நேரத்தில் அவர் குழி தோண்டிக் கல்லைப் புதைத்ததை மைனிச்சி நாளிதழின் கேமரா பிடித்தது. நவம்பர் 5ஆம் தேதி செய்தி வந்தது, அவரும் ஒப்புக்கொண்டார். பிறகு ஆராய்ந்ததில் 150க்கும் மேற்பட்ட இடங்கள் கெட்டுப்போயிருந்தன. பள்ளிப் பாடப்புத்தகத்தையே திருத்த வேண்டி வந்தது.

அந்தக் கற்கள் பலவற்றில் மெல்லிய துருக்கோடுகள் இருந்தன, உழவுக் கருவியின் இரும்பு உரசிய கோடுகள். லட்சம் வருஷம் ஆழத்தில் கிடந்த கல்லில் கலப்பைக் கொழு எப்படி உரசும்? மேல்மண்ணில் பொறுக்கிய கல் என்று அந்தக் கோடே சொல்கிறது. ஏர் ஓட்டிய நம் ஆள் யாரிடமாவது கொடுத்திருந்தால் கட்டைவிரலால் தடவிப் பார்த்தே சொல்லியிருப்பார்.

இங்கிலாந்தின் சார்லஸ் டாசன் ஒரு வக்கீல். பில்ட்டவுன் சரளைக் குழியில் கிடைத்ததென்று அவர் கொண்டுவந்த ‘ஆதிமனிதன்’ 1912 டிசம்பரில் அரங்கேறினான். மண்டை மனிதனுடையது, தாடை ஒராங்குட்டானுடையது. பல்லை அரத்தால் ராவி, சாயம் ஏற்றியிருந்தது. வெளிப்பட 1953 ஆயிற்று. அதற்கு வழி திறந்தது ஃபுளோரின். மண்ணில் கிடக்கும் எலும்பு நிலத்தடி நீரிலிருந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். அதே குழியின் நிஜமான பழைய எலும்புகள் நிறைய உறிஞ்சியிருந்தன, டாசனுடையவை அப்படி இல்லை.

நிலத்தடி நீரில் ஃபுளோரைடு (ஃபுளோரின் கலந்த உப்பு) மிகுந்த தருமபுரிக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எலும்பும் பல்லும் ஃபுளோரைடை உறிஞ்சினால் என்ன ஆகும் என்று உயிரோடு பார்த்தவர்கள் நாம். என் வகுப்பில் சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்திக்கொண்ட பிள்ளைகள் எத்தனை பேர்! பல்லில் பழுப்புப் பட்டை, நாற்பது வயதில் மடக்க முடியாத முழங்கால். ஜப்பான் கடனுதவியோடு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல்தான் திறக்கப்பட்டது. குழாயில் தண்ணீர் வராத நாளில் போர்த் தண்ணீரையே குடிக்கும் வீடுகள் இருக்கும்வரை இதை நான் எந்தக் கேள்விக்கான பதிலிலும் எழுதுவேன்.

உங்கள் ஆசிரியருக்கு வருகிறேன். ஊர்ப் பேச்சை வைத்து அவரைப் பொய்யர் ஆக்கிவிடாதீர்கள். பிரான்ஸில் கிளோசெல் கிராமத்து எமில் ஃபிராதான் 1924இல் தன் வயலில் பழம்பொருள்களைக் கண்டபோது அவருக்கு வயது 17. மோசடி என்றார்கள், போலீஸ் வீட்டைச் சோதனை போட்டது. வழக்கு தள்ளுபடியாயிற்று, ஆனால் அந்தப் பேச்சு 2010இல் அவர் சாகும்வரை விடவில்லை. நம் மலையடிவாரங்களில் புதிய கற்காலக் கோடரி கிடைப்பது அதிசயமும் இல்லை. மரத்தடியில் அவற்றை வரிசையாக நட்டு, மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிடுகிற ஊர்கள் இருக்கின்றன.

அவர்மேல் எனக்கு வேறு வழக்கு. எடுத்தாரே, அது தப்பு. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் சட்டமன்றத்தில் அறிவிக்க முடிந்ததற்குக் காரணம், அது கிடந்த மண்ணடுக்கு கலையாமல் இருந்தது. அந்த அடுக்கின் மாதிரியைச் சோதித்துத்தான் காலம் கணித்தார்கள். அலமாரிக்கு வந்துவிட்ட கல்லுக்கு அந்தச் சாட்சி இல்லை. அவர் நேர்மையானவராகவே இருக்கட்டும், அதைக் காட்ட இன்று அவர் கையில் என்ன இருக்கிறது? கல்லைக் கையில் ஏந்திச் சிரிக்கும் படத்தை அச்சிடும் பத்திரிகைகளும் இதற்குக் கூட்டு. நம் இதழில் அப்படி ஒரு படமும் வராது.

அடுத்த கல் கண்ணில் பட்டால் தொட வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுத்து, போனில் இடத்தைக் குறித்துக்கொண்டு, வி.ஏ.ஓ.வுக்கும் தருமபுரி அருங்காட்சியகத்துக்கும் சொல்லட்டும். எனக்கும் ஒரு போன் போடச் சொல்லுங்கள். அடுத்த உழவுக்குள் வந்துவிடுகிறேன்.