டோரெஸின் ரகசியம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான்கு வருடமாக கிளாசிக்கல் கிட்டார் கற்றுக்கொள்கிறேன். அந்தோனியோ டி டோரெஸ் செய்த பழைய கிட்டாரை ஒருவர் வாசிக்கும் காணொளியைப் பார்த்து அழுதுவிட்டேன். அதற்குப் பிறகு என் பிளைவுட் கிட்டாரைத் தொடவே பிடிக்கவில்லை. டோரெஸின் ரகசியம் அவரோடு போய்விட்டது என்கிறார்களே, உண்மையா? கடன் வாங்கியாவது நல்ல ஸ்பானிஷ் கிட்டார் வாங்கலாமா? நகத்தால் மீட்டுவது சரியா, விரல் சதையாலா?

கே.

அன்புள்ள கே.,

நகமா சதையா என்பதை உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள். ஸ்பெயினின் பெரிய கிட்டார் கலைஞர்களில் தார்ரெகா கடைசிக் காலத்தில் சதையால் வாசித்தார், செகோவியா நகத்தால். இருவரும் நன்றாகத்தான் வாசித்தார்கள்.

அழுதது நல்ல விஷயம். கிட்டாரைத் தொடாமல் இருப்பது வெறும் சோம்பேறித்தனம். அதற்கு டோரெஸைச் சாக்காக இழுக்காதீர்கள்.

ஆனால் அந்த ரகசியப் பேச்சு எனக்கும் சில நாட்களாகவே எரிச்சலூட்டிக்கொண்டிருக்கிறது. டோரெஸ் 1817ல் ஸ்பெயினின் அல்மேரியா பக்கத்தில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் தச்சுவேலைக்குப் போனார். செவில்லில் பட்டறை போட்டு கிட்டாரின் உடலைப் பெரிதாக்கினார், மேல்பலகையை மெல்லிசாக இழைத்தார், அதன் உட்புறம் ஏழு மெல்லிய மரச்சட்டங்களை விசிறிபோல ஒட்டினார். விசிறி அமைப்பு அவருக்கு முன்பே காதிஸ் ஊர்க்காரர்களிடம் இருந்ததுதான். மேல்பலகைதான் ஒலியைத் தீர்மானிக்கிறது என்று காட்ட 1862ல் பின்புறத்தையும் பக்கங்களையும் காகித அட்டையிலேயே செய்தார். அந்த அட்டை கிட்டார் இன்று பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இத்தனையும் செய்தவர் 1870 வாக்கில் ஊருக்குத் திரும்பிப் பீங்கான் கடை வைத்தார். ஆமாம், தட்டும் கோப்பையும் விற்றார். சில வருடம் கழித்துத்தான் மறுபடி உளியை எடுத்தார். 1892ல் இறக்கும்வரை செய்துகொண்டிருந்தார்.

அவருடன் பழகிய பாதிரியார் ஒருவர் பின்னாளில் எழுதிய கடிதம் ஒன்று உண்டு. ரகசியம் என் கட்டைவிரல், ஆள்காட்டிவிரல் நுனிகளில் இருக்கிறது, அது என்னோடு குழிக்குள் போய்விடும் என்று டோரெஸ் சொன்னாராம். எல்லோரும் இந்த இடத்தில் நின்று கண்ணீர் விடுகிறார்கள். நீங்களும்தான். அப்புறம் என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை!

டோரெஸ் வாரிசாக ஒரு சீடனையும் விட்டுப்போகவில்லை. கிட்டார்களை விட்டுப்போனார். மரப்பெட்டி என்றைக்காவது விரிசல் விடும், சட்டம் பெயரும். யாராவது திறந்து பார்த்தே ஆகவேண்டும். மாட்ரிட்டில் மானுவல் ராமிரெஸ் டோரெஸின் வழியை எடுத்துக்கொண்டார். அவர் பட்டறையில்தான் சாந்தோஸ் எர்னாந்தஸும் தொமிங்கோ எஸ்தேசோவும் வேலை செய்தார்கள். 1912ல் அங்கே செய்த கிட்டாரைத்தான் செகோவியா இருபத்தைந்து வருடம் வாசித்தார். மியூனிக்கில் கிட்டார் செய்த ஹெர்மன் ஹவுசர் அந்த கிட்டாரையும், யோபெத் என்ற கிட்டார் கலைஞர் வைத்திருந்த 1859ஆம் ஆண்டு டோரெஸையும் ஆராய்ந்து, 1937ல் செகோவியாவின் கையில் புதிய கிட்டாரைக் கொடுத்தார். ஒரு ஜெர்மானியர்! பிறகு ஸ்பெயினிலிருந்து இங்கிலாந்துக்குப் பிழைக்கப்போன ரொமானில்யோஸ், அறைகலன் தச்சர், டோரெஸின் கிட்டார்களைத் தேடித்தேடி அளந்தார், அவர் வாழ்க்கையையும் எழுதினார். 1973ல் அவர் செய்த கிட்டாரைத்தான் ஆங்கிலேயக் கலைஞர் ஜூலியன் பிரீம் பல வருடம் வாசித்தார்.

இதையெல்லாம் விட்டுவிட்டு விரல்நுனி, குழி, ரகசியம் என்று பேசுவது எவ்வளவு வசதி! அளவுகோலும் ரம்பமும் எடுத்து உட்கார்ந்தவர்களின் உழைப்பை ஒரே வரியில் தள்ளிவிடலாம்.

எனக்குக் கிட்டார் சொல்லித்தந்தவரின் வாத்தியத்தில் ஒரு மே மாத வெயிலில் தந்திகளைக் கட்டும் பிரிட்ஜ் பெயர்ந்துவிட்டது. கடைக்காரர் தூக்கிப்போடச் சொன்னார். வாத்தியார் அதைக் கதவு ஜன்னல் செய்யும் ஆசாரியிடம் கொண்டுபோனார். அவர் கிட்டாரைத் தொட்டதே இல்லை. துளை வழியாகக் கையை விட்டுச் சட்டங்களை ஒவ்வொன்றாகத் தடவிப்பார்த்து, “உள்ளே நல்லா இழைச்சிருக்கான் சார், வெளியே தெரியாத இடத்துல யாரு இவ்வளவு பார்ப்பா?” என்றார். மாட்ரிட்டிலும் மியூனிக்கிலும் பேச்சு இப்படித்தான் தொடங்கியிருக்கும் என்று நினைக்கிறேன்.

சரி, ஸ்பானிஷ் கிட்டார். பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது கஷ்டமானபின் ஸ்பெயின் பட்டறைகள் பக்கங்களுக்கும் பின்புறத்துக்கும் நம் மலைகளின் ஈட்டி மரத்தைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகின்றன. உங்கள் ஊர் மரத்தையே கடன்பட்டுத் திரும்ப வாங்கவேண்டுமா? ஸ்ப்ரூஸோ சிடாரோ, மேல்பலகை முழு மரமாக இருக்கும் கிட்டாராகப் பார்த்து, கையில் உள்ள காசுக்கு வாங்குங்கள். மற்றது பிளைவுட்டாக இருந்தாலும் பரவாயில்லை. அதற்கு முன் இப்போதுள்ள கிட்டாரின் தந்திகளை மாற்றுங்கள். கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கடிதத்தில் எழுதவில்லையே?