மாணவர் பணக் கேள்விகள்: எவ்வளவு வேணும், எப்போ வேணும்?

வங்கியில கடன் பிரிவுல ரொம்ப காலம் உட்கார்ந்தவ நான். நீங்க அனுப்பின கேள்விகளைப் பார்த்தேன், பாதிப் பேர் ‘காசை எதுல போடலாம்?’னுதான் கேட்டிருக்கீங்க. எவ்வளவு, எந்த மாசத்துக்குள்ள வேணும்னு சொல்லாம அதுக்குப் பதில் கிடையாது. அதைச் சொன்னவங்களுக்கு முதல்ல.

அக்கா, பி.சி.ஏ. ரெண்டாம் வருஷம். முகூர்த்த நாள்ல கேட்டரிங்குக்குப் பரிமாறப் போறேன், நாளுக்கு 600 தர்றாங்க. அடுத்த ஜூனுக்குள்ள 40,000-க்கு லேப்டாப் வாங்கணும். ஆர்.டி. போடவா?

வேண்டாம் தம்பி. ஆர்.டி.ன்னா மாசாமாசம் ஒரே தொகை கட்டுற சேமிப்பு. உங்க வருமானம் பஞ்சாங்கத்தைப் பார்த்து வருது. ஆடியும் மார்கழியும் வந்தா கல்யாணம் இருக்காது, தவணை தவறும், அபராதம் விழும். தபால் நிலைய ஆர்.டி. அஞ்சு வருஷத்துக்கானது, உங்க ஜூனுக்கு அது ஆகவே ஆகாது.

கணக்கை இன்னொரு தடவை போடுங்க. 600-ஆல வகுத்தா 67 நாள் வேலைன்னு தோணும். பஸ்ஸுக்கும் ராத்திரி டீக்கும் 150 போச்சுன்னா கையில 450தான், அப்போ 89 நாள். செமஸ்டர் பரீட்சை போக ஜூனுக்குள்ள 89 நாள் பந்தி கிடைக்குமா? கிடைக்காதுன்னா தேதியைத் தள்ளுங்க, இல்லாட்டி விலையைக் குறைங்க. லேப்டாப்பைத் தவணையில மட்டும் வாங்கிடாதீங்க. சேர்க்கிற காசுக்குத் தனியா ஒரு சேமிப்புக் கணக்கு வச்சுக்குங்க. தபால் நிலையத்துல 500 ரூபாய்ல தொடங்கலாம். ஃபோன்ல அதை இணைக்காதீங்க. ஜிபே-ல இருக்கிற காசு ராத்திரி பதினோரு மணிக்குப் பரோட்டாவாகிடும்.

இன்ஜினியரிங் முதல் வருஷம் மேடம். நாலு வருஷத்துக்கு நாலு லட்சம் கல்விக் கடன் கிடைச்சிருக்கு. படிச்சு முடிச்சு ஒரு வருஷம் கழிச்சுக் கட்டினா போதும்னு சொன்னாங்க. அதுவரைக்கும் மறந்துடலாம்ல?

தவணையை மறக்கலாம்மா, வட்டியை மறக்க முடியாது. வருஷத்துக்கு ஒரு லட்சமா வாங்குறீங்க, வட்டி 10 சதவீதம்னு வச்சுக்குங்க. உங்க வட்டி கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம். முதல் லட்சம் நாலு வருஷம் ஓடி 40,000 வட்டி. ரெண்டாவது 30,000, மூணாவது 20,000, கடைசி லட்சத்துக்கு 10,000. ஆக ஒரு லட்சம். அந்த ஒரு வருஷ அவகாசத்துல நாலு லட்சத்துக்கும் சேர்த்து இன்னொரு 40,000. முதல் தவணை கட்டுற அன்னைக்கு உங்க கடன் 5,40,000. இதை யாரும் விளக்கிச் சொல்றதில்லை, கையெழுத்து வாங்குறதுலயே நேரம் போயிடும்.

அரசுப் பள்ளியில படிச்சவங்களா? அப்போ புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 வரும். (பசங்களுக்குத் தமிழ்ப் புதல்வன்.) முதல் வருஷ வட்டி மாசத்துக்கு 833 ரூபாய்தான், அந்த ஆயிரத்துலயே அடங்கும். அடுத்தடுத்த வருஷம் வட்டி அதைத் தாண்டும், இருந்தாலும் நாலு வருஷமும் ஆயிரம் ஆயிரமா கட்டினா 48,000 குறைஞ்சு 4,92,000-ல தவணை தொடங்கும். படிக்கும்போதே வட்டி கட்டுறவங்களுக்கு ஒரு சதவீதம் குறைக்கிற வங்கிகளும் உண்டு. மேனேஜர்கிட்ட நேராக் கேளுங்க, அவங்களா சொல்ல மாட்டாங்க.

எனக்கும் அந்த ஆயிரம் வருது. ஆனா அப்பா வாங்கிக்கிறார். வெளியில வாங்கின கடனுக்கு மூணு வட்டி கட்டுறாராம். நான் எப்படி சேர்த்து வைக்கிறது?

கோபம் நியாயம்தான். ஆனா மூணு வட்டின்னா மாசம் நூத்துக்கு மூணு ரூபாய், வருஷத்துக்கு 36 சதவீதம். நீங்க எந்த வங்கியில போட்டாலும் அதுல கால்வாசி வட்டிகூட வராது. வீட்டு நிலைமை இதுன்னா அந்த ஆயிரம் அங்க போறதுதான் லாபம். ஒரு நிபந்தனை வைங்க: அது வட்டிக்குப் போகக் கூடாது, அசல்ல கழியணும், நோட்டுல எழுதி வாங்கணும். அப்பாகூட உட்கார்ந்து அசல் எவ்வளவுன்னு கேளுங்க. நிறைய வீட்டுல அது அப்பாவுக்கே தெரியாது, வட்டி மட்டும்தான் தெரியும். பத்து வட்டி, மீட்டர் வட்டின்னா கதை வேற. தமிழ்நாட்டுல 2003-லயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தாச்சு, கலெக்டர் ஆபீஸ்லயோ போலீஸ்லயோ புகார் கொடுக்கலாம்.

ஹாஸ்டல் சீனியர் ஒருத்தர், என் பேர்ல கணக்கு தொடங்கி ஏடிஎம் கார்டும் சிம்மும் கொடுத்தா 5,000 தர்றேன்கிறார். கணக்குல என் காசு எதுவும் இல்லையே, என்ன ஆகப்போகுது?

கொடுக்காதீங்க. எங்கயோ ஒரு பெரியவரை ஃபோன்ல ஏமாத்திப் பறிச்ச காசு உங்க கணக்கு வழியாத்தான் போகும். போலீஸ் தேடி வர்றது கணக்கு யார் பேர்ல இருக்கோ அவங்களைத்தான். சீனியர் அன்னைக்கு ஃபோன் எடுக்க மாட்டார். உதவித்தொகை வர்ற கணக்கையும் சேர்த்து முடக்கிட்டா ஃபீஸ் கட்ட அல்லாடணும். ஏற்கெனவே கொடுத்திருந்தா இன்னைக்கே வங்கிக்குப் போய்க் கார்டை முடக்கி, எழுத்துல புகார் கொடுங்க. சிம்மையும் ரத்து பண்ணுங்க. சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் கூப்பிடுங்க.

டெலிகிராம்ல பங்குச் சந்தை ஆப்ஷன் வியாபாரத்துக்கு டிப்ஸ் தர்றாங்க. 10,000 வச்சிருக்கேன், செமஸ்டர் ஃபீஸ் கட்ட இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. அதுல போடலாமா?

ஃபீஸ் காசா? ரெண்டு மாசத்துல வேணுங்கிற காசுக்கு இடம் சேமிப்புக் கணக்குதான். பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபி 2024-ல வெளியிட்ட ஆய்வைச் சொல்றேன்: மூணு நிதியாண்டுல எஃப் அண்ட் ஓ-ல (ஆப்ஷனும் அதுல அடக்கம்) இறங்கின தனிநபர்கள்ல 93 சதவீதம் பேர் நஷ்டம். டிப்ஸ் தர்றவருக்கு உண்மையிலேயே தெரிஞ்சா உங்க சந்தா எதுக்கு?

கல்லூரி வாசல்லயே கிரெடிட் கார்டு தர்றாங்க. வாங்கலாமா?

முழு பில்லையும் மாசாமாசம் கட்ட முடியும்னா வாங்குங்க. 20,000 பாக்கி, மாச வட்டி 3.5 சதவீதம்னா 700. அதுக்கு ஜிஎஸ்டி 126. நீங்க ஆயிரம் கட்டினா கடன் குறையுறது 174 ரூபாய். வருமானம் இல்லாதவங்களுக்கு இது எதுக்குன்னு எனக்குப் புரியலை.

இன்சூரன்ஸ் இப்பவே எடுக்கணுமா?

பைக் ஓட்டுறீங்கன்னா வங்கியில பிரதமர் சுரக்‌ஷா பீமாவுக்குக் கையெழுத்துப் போடுங்க. 18 வயசு ஆகியிருக்கணும். வருஷத்துக்கு 20 ரூபாய், விபத்துல உயிர் போனா வீட்டுக்கு ரெண்டு லட்சம். மே மாசக் கடைசியில கணக்குல அந்த 20 ரூபாய் இருக்கான்னு பார்த்துக்குங்க, இல்லைன்னா பாலிசி நின்னுடும். சேமிப்பும் இன்சூரன்ஸும் சேர்ந்த பாலிசின்னு சொந்தக்காரர் யாராவது படிவத்தோட வந்தா, வேலை கிடைக்கட்டும் மாமான்னு சொல்லி அனுப்புங்க.